துருத்தி இல்லாத பெட்டி

எங்கள் வீட்டில் இருந்த வாத்தியத்துக்குச் சரியான பெயர் என்ன என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஊதுபெட்டி என்போம். ஒரு செங்கல் அளவுக்கு மரப்பெட்டி. கறுப்பு மெருகு, மூலைகளில் வெள்ளைத் தகடு. ஒரு பக்கம் விரல்களால் அழுத்துவதற்கு வரிசையாகப் பொத்தான்கள் இருக்கும். மறுபக்கம் கரண்டி முனை போல இரண்டு கட்டைகள். ஆர்மோனியத்துக்கும், ரயில்வே துரைமார் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்து இழுத்து வாசிக்கிற அக்கார்டியனுக்கும் துருத்தி உண்டு. இதற்குக் கிடையாது. பெட்டியின் தலையில் ஒரு பித்தளைக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதை வாயில் வைத்து ஊத வேண்டும். ஊதினால் ஒரு சுரம் வரும். அதே பொத்தானை அழுத்தியபடி மூச்சை உள்ளே இழுத்தால் வேறொரு சுரம் வரும்.

அம்மா இளம் வயதில் அரக்கோணத்தில் ஒரு ரயில்வே கார்டு துரை வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் சீமைக்குப் போகும்போது சாமான்களை வேலைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அம்மாவின் பங்குக்கு இது வந்தது. "கம்பளி குடுப்பாங்கன்னு கையை நீட்டினேன், பொம்மைப் பெட்டியை வச்சிட்டாங்க" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா போன பிறகு நாங்கள் ஆம்பூருக்கு வந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகி, ஆன வேகத்திலேயே புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டுத் தாய்வீட்டுக்கே திரும்பிவிட்டேன். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். படித்த படிப்புக்கு நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கும் தைரியம் வரவில்லை. என் தம்பி அப்படி இல்லை. தோல் பதனிடும் கிடங்கில் கடைசிக்கட்ட வேலை அவனுக்கு. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறி வந்த தோலுக்கு எண்ணெய் தடவி, தேய்த்து, மடித்து, சீமைக்குப் போகிற கட்டுகளில் அடுக்க வேண்டும். அந்த வேலையில் அவனுக்குக் கர்வம் உண்டு. "நம்ம தோலைப் போட்டுக்கினுதான் லண்டன்ல எல்லாரும் நடக்கிறாங்க" என்பான்.

பெட்டியைத் தானாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டான். ஒருநாள் ஆணிகளைக் கழற்றி எங்களுக்கு உள்ளே காட்டினான். சீப்புப் பற்கள் போலப் பித்தளைத் தகடுகள் வரிசையாக இருந்தன. காற்று பட்டால் அதிர்ந்து பேசுவது அவைதான். அவற்றை நாக்கு என்றான். ஒவ்வொரு நாக்கின் பக்கத்திலும் துணி போல வெள்ளையாக, மெல்லிசாக, ஒரு தோல் துண்டு ஒட்டியிருந்தது. காற்று வேண்டாத பக்கம் போகாமல் அது மூடிக்கொள்ளும். அதை இமை என்றான். காற்று போய் நிறைகிற உள்ளறையை நெஞ்சு என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவை அந்தப் பெயர்களோடு புழங்கின. அம்மா அதைப் பற்றிக் கைக்குழந்தையைப் பேசுகிற மாதிரியே பேசுவாள். "டேய், நெஞ்செல்லாம் ஈரமா கீது, வெயில்ல வையி" என்பாள். வேறு யாராவது கேட்டால் அவனைத்தான் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் தெருவின் சின்ன ஜெபவீட்டில் வாத்தியம் ஏதும் கிடையாது. ஆர்மோனியம் மிஷனின் பெரிய கோவிலில்தான் இருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி ஊதினான். முதல் முறை அவன் அதை எடுத்து வந்தபோது ஆண்கள் பக்கம் சிரிப்புத் தாளவில்லை.

"இன்னாப்பா இது, துருத்தி எங்க?"

"எலி தின்னுட்டிருக்கும்."

"துருத்தி இவன்தாம்பா. கன்னத்தைப் பாரு, கொல்லன் பட்டறை தோத்துடும்."

அன்றிலிருந்து அவனுக்குத் துருத்தி என்று பெயர். கிடங்கிலும் அதே பெயர்தான். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மார்பு அவனுக்கு. ஒரு பாட்டு முழுவதும் ஊதிவிட்டு உடனே அடுத்ததற்கு நிற்பான்.

அறுப்பின் பண்டிகைக்குக் குடியாத்தம் சபையார் எங்களை அழைத்திருந்தார்கள். தம்பி அங்கே வாசித்தான். அவன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெண் பாடினாள். சாதாரணமான முகம்தான். ஆனால் ஒரு இடத்தில் தம்பி மூச்சு எடுக்க நின்றான். அந்தச் சின்ன இடைவெளியை அவள் குரலை நீட்டி நிரப்பினாள். பெட்டி ஓய்ந்தது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. திரும்பி வரும் ரயிலில் தம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அக்கா, அந்தப் பொண்ணு என் மூச்சைக் கேட்டுக்கினே பாடிச்சி பாத்தியா" என்றான்.  நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா, ஜெபவீட்டை நடத்தும் உபதேசியாரிடம் சொன்னாள்.

பெண்ணின் அப்பா லுங்கி நெசவுக்கு நூல் சாயம் தோய்க்கிறவர். நகக்கண்கள் எப்போதும் நீலமாக இருக்கும். முதல் பேச்சுக்கு அவரும் அவர் மனைவியும் வந்தபோது தம்பியின் பட்டைக் கறை ஏறிய கையைத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்துச் சிரித்தார். "என்னுது நீலம், உன்னுது மஞ்சள். பேரப்பிள்ளைங்க பச்சையாத்தான் பொறக்கும் போ" என்றார். அம்மாவுக்கு அந்த வார்த்தையே நிச்சயம் செய்தது மாதிரி இருந்தது. பெண்ணின் அம்மா அதிகம் பேசாதவர். மூத்த மகனை க்ஷயரோகத்துக்குக் கொடுத்தவர் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆராதனையில் பையன் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, மத்தியானம் எங்கள் வீட்டில் கை நனைப்பதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில், சம்மதம் இல்லாத வீட்டில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் முடிந்த மாதிரி.

அது ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்கும் சமயத்தில் பெட்டி ஒழுக ஆரம்பித்தது. பழைய இமைகள் சுருண்டு, சில உதிர்ந்தும் விட்டன. எவ்வளவு ஊதினாலும் காற்று பக்கவாட்டில் சீறிக்கொண்டு போயிற்று. ஒரு சுரத்துக்கு மூன்று சுரத்தின் மூச்சு செலவானது. சென்னைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்ய நேரம் இல்லை.

"தோல் ஊர்ல இருந்துக்கினு தோல் துண்டுக்குப் பட்டணம் போவாங்களா?" என்றான் தம்பி. நியாயமாகத்தான் இருந்தது. கிடங்கில் இருந்ததிலேயே மெல்லிசான ஆட்டுக்குட்டித் தோலில் ஒரு ஓரத்தை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தான். இன்னும் மெல்லிசாகச் சீவினான். நன்றாக வளைய வேண்டும் என்று, தன் கையால் எண்ணெய் ஏற்றினான். பழைய இமைகளையெல்லாம் பிய்த்துவிட்டு இவற்றை அளவாக வெட்டி ஒட்டினான். அவன் அவ்வளவு கவனமாக ஒரு வேலை செய்து நான் பார்த்ததில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஊதிக் காட்டினான். மணி போல ஒலித்தது. அம்மா கைதட்டினாள். "சீமைக்காரன் தோல் என்னா தோல்! இது நம்ம தோல்" என்றான்.

பதனிட்ட தோலைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அந்தத் தோல் செருப்பாகவும் பையாகவும் வெளியே இருந்து உழைக்கும். ஒரு பெட்டிக்குள் அடைபட்டு, மனிதனின் ஈர மூச்சை நாள் முழுக்க வாங்கிக்கொண்டு என்ன ஆகும் என்று யாரும் பார்த்ததில்லை. சனிக்கிழமை ஊதியது ஒரு பாட்டு மட்டும். தோல் இன்னும் காய்ந்துதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீடு நிறைந்திருந்தது. பெண்ணின் அப்பா ஆண்கள் பக்கம் முதல் பாயில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பெண்ணின் அம்மா, அவருக்கு அடுத்து அம்மா, அப்புறம் நான். பெண்ணை அழைத்து வரவில்லை, அது வழக்கமில்லை. முதல் பாட்டு நன்றாகப் போயிற்று. இரண்டாவது பாட்டின் நடுவில் ஒரு சுரம் காணாமல் போனது. பிறகு இன்னொன்று. ஈரத்தில் ஊறிய இமைகள் தடித்துப் போய், சில ஒட்டிக்கொண்டன, சில திறந்தபடியே நின்றுவிட்டன. தம்பி நிறுத்தவில்லை. நிறுத்தினால் எல்லாம் போய்விடும் என்று நினைத்திருப்பான். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, தோள்கள் ஏறி இறங்க ஊதினான். பெட்டியிலிருந்து பாட்டுக்குப் பதில் ஒரு இழுப்புச் சத்தம் வந்தது. உள்ளே மூச்சை இழுக்கும்போது எண்ணெயும் தூசியும் தொண்டைக்குள் போயிருக்க வேண்டும். இருமினான். குழாயைத் துடைத்துவிட்டு மறுபடி வாயில் வைத்தான். மறுபடி இருமினான்.

பெண்ணின் அம்மா மெல்லக் குனிந்து அம்மாவின் காதில் கேட்டார்: "இன்னாண்ணி, இப்படி மூச்சு வாங்குது?"

அம்மாவுக்கு மகனின் வாசிப்பைக் காப்பாற்றும் அவசரம். "நெஞ்சுதான் அண்ணி. உள்ள ஒழுவுது. கொஞ்ச நாளாவே அதுக்கு வைத்தியம் பாத்துக்கினுதான் கீறான். நேத்து நல்லாத்தான் இருந்திச்சி, மழைக்கால ஈரம் பாருங்க, திரும்பிக்கிச்சி" என்றாள்.

இது என் காதிலும் விழுந்தது. ஒரு குறையும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் தினம் பேசுகிற பேச்சு அது. பெண்ணின் அம்மா முந்தானையை எடுத்து வாயின் மேல் வைத்துக்கொண்டார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் அவர்கள் எங்கள் வீட்டு வாசல்வரை வந்தார்கள். உள்ளே கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றவில்லை. "மழை ஜாஸ்தியாவும் போல கீது. ரயிலைப் பிடிக்கணும். இன்னொரு நாளு" என்றார். தம்பியின் தோளைத் தட்ட வந்த கை பாதியில் நின்று தன் குடைக்குப் போனது. அவர்கள் போன பிறகும் அம்மா, இலை நறுக்கி வைத்தது வாடிவிடும் என்றுதான் கவலைப்பட்டாள்.

வாரக் கடைசியில் உபதேசியார் வந்தார். நின்றபடியே பேசினார்.

"பொண்ணு வூட்ல வேணாங்கிறாங்கம்மா."

"வாசிப்பு கெட்டுப் போச்சின்னா?"

"வாசிப்பை யாரும்மா கேட்டது? பையனுக்கு க்ஷயம்னு சொல்றாங்க. நெஞ்சு ஒழுவுது, வைத்தியம் பாக்கிறோம்னு நீங்களே சொன்னீங்களாமே."

அம்மா முதலில் சிரித்தாள். உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ, பெட்டியோட நெஞ்சுங்க!" என்றாள். உபதேசியார் சிரிக்கவில்லை. "பெட்டிக்கு ஏதும்மா நெஞ்சு?" என்றார். அப்போதுதான் அம்மாவின் முகம் மாறியது.

உபதேசியார் போய்ச் சொல்லிப் பார்த்தார். அவர்கள் நம்பவில்லை. சொல்லித் தப்புவதற்கு நல்ல கதை கட்டியிருக்கிறார்கள் என்றார்களாம். பெட்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழி என்று எனக்குத் தோன்றியது. அம்மாவுக்குப் போக முகமில்லை. தம்பி போனால் நோயாளியே வந்துவிட்டான் என்பார்கள். ஆகவே நான் போனேன், உபதேசியாரோடு. ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். குடியாத்தம் ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டியில் போகும்போது எல்லாம் மறந்துவிட்டது.

அவர்கள் மரியாதையாகவே உட்காரச் சொன்னார்கள். முற்றத்துக் கொடியில் நீல நூல் சொட்டிக்கொண்டிருந்தது.  கத்தியால் ஆணிகளைத் திருகி மூடியைத் திறந்தேன்.

"இதைத்தாங்க மாமா நாங்க நெஞ்சுன்னுவோம். இந்தத் தோல் நனைஞ்சி உப்பிக்கிச்சி. காத்து இப்படி வெளிய போவுது. எந்தம்பி நெஞ்சு இல்லீங்க."

பெண்ணின் அப்பா குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். தோலில் ஏற்றிய எண்ணெய் ஈரத்தோடு கசிந்து, பித்தளை நாக்குகளின் மேல் பச்சையாகப் பூத்திருந்தது. ஓரங்களில் திட்டுத்திட்டாக, பிசுபிசு என்று.

"இது இன்னாம்மா, பச்சையா?"

"எண்ணெய்ங்க. பித்தளையில எண்ணெய் பட்டா களிம்பு ஏறும் இல்லீங்களா."

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எம் பெரியவனுக்கும் சளி இப்படித்தான் வந்துக்கினு இருந்திச்சி. பச்சையா, இதே மாதிரி" என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அவர் அந்தப் பெட்டிக்குள் எதைப் பார்த்தாரோ, அதை நான் துடைத்துப் போட முடியாது என்று தெரிந்தது. இருந்தும் மூடியைப் போட்டுத் திருகினேன்.

"நீங்களே ஒரு தடவை ஊதிப் பாருங்க மாமா. எவ்ளோ பலமான ஆளுக்கும் மூச்சு வாங்கும். அப்ப தெரிஞ்சிடும்."

பெட்டியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. நீல விரல்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றன. என் புத்திக்கு அப்போதுதான் எட்டியது. தம்பியின் வாய் பட்ட குழாய் அது. அவனுக்கு நோய் இல்லை என்று தெரிய வேண்டுமானால் அதில் வாய் வைக்க வேண்டும். அவனுக்கு நோய் இல்லை என்று நம்புகிறவன்தான் அதில் வாய் வைப்பான்.

நான் உபதேசியாரைப் பார்த்தேன். அவர் கொடியில் தொங்கிய நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே நானே குழாயை வாயில் வைத்தேன். என் வாழ்க்கையில் அதை அதற்கு முன் நான் ஊதியதில்லை. ஆண்கள் முன்னால் பாட்டுக்கூட உரக்கப் பாடியதில்லை. உள்ளே கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நிற்பது சேலை ஓரத்தில் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். சீறல்தான் வந்தது. இன்னும் பலமாக ஊதினேன். பிறகு, தம்பி செய்வது போல உள்ளே இழுத்தேன். எண்ணெய்க் கசப்பும் களிம்பும் ஏதோ தூளும் தொண்டையில் அடித்தன. இருமல் வந்தது. நிறுத்த முடியவில்லை. குனிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமினேன். "பாத்தீங்களா, எனக்கும் வருது, பெட்டியாலதான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் இன்னொரு இருமல் வந்தது.

இருமல் ஓய்ந்து நிமிர்ந்தபோது அவர்கள் இருவரும் சுவர்வரை நகர்ந்திருந்தார்கள்.

"குடும்பத்துலயே கீது" என்று அந்த அம்மா கணவரிடம் சொன்னார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். பாவம், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்துவிட்டுக் கீழே வைத்த தம்ளரை நாங்கள் வண்டி ஏறும்வரை யாரும் உள்ளே எடுத்துப் போகவில்லை.

அந்தப் பெண்ணை நெமிலிப் பக்கம் கொடுத்துவிட்டார்கள். அது தெரிந்த அன்று தம்பி வேலைக்குப் போய்விட்டு எப்போதும் போல வந்தான். பெட்டியை என்ன செய்தான் என்று தெரியாது. நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் அந்த வார்த்தை குடியாத்தத்தோடு நிற்கவில்லை. தோலும் லுங்கியும் போகிற வண்டியிலேயே அதுவும் ஆம்பூருக்கு வந்து சேர்ந்தது. கிடங்கில் மத்தியானச் சாப்பாட்டின்போது அவன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார ஆரம்பித்தார்கள். துருத்தி என்று யாரும் கூப்பிடுவதில்லை இப்போது. கேலி நின்றுவிட்டதை அவன்தான் எனக்குச் சொன்னான். கேலியை விடக் கேலி நின்றது அவனை வாட்டியது. வேலூருக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினான். டாக்டர் மார்பைத் தட்டிப் பார்த்து, குழாய் வைத்துக் கேட்டு, ஒன்றுமே இல்லை, குதிரை மாதிரி இருக்கிறாய் என்று அனுப்பிவிட்டார். அவன் சந்தோஷமாகக் கிடங்குக்குப் போய் மேஸ்திரியிடம் சொன்னான்.

"மேஸ்திரி, டாக்டர் ஒண்ணும் இல்லேன்னுட்டாரு."

"ஒண்ணும் இல்லாதவன் எதுக்குப்பா ஆஸ்பத்திரிக்குப் போவான்?" என்றார் மேஸ்திரி. கெட்ட மனுஷர் இல்லை அவர். அடுத்த வாரம் அவனை உள்ளே அடுக்கும் வேலையிலிருந்து எடுத்து, வெளியே வெயிலில் தோல் உலர்த்தும் இடத்துக்கு மாற்றினார். காற்றோட்டம் உடம்புக்கு நல்லது என்றார்.

அப்புறம் யாரும் பெண் கொடுக்க முன்வரவில்லை. ஒன்றிரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தோம். ஆலங்காயத்தில் ஒரு வீட்டில், நாங்கள் கேட்பதற்கு முன்பே, பையன் தேறிவிட்டானா என்று விசாரித்தார்கள். அம்மா அந்த ஒரு வார்த்தையை நினைத்து நினைத்தே தேய்ந்து போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் நெஞ்சு என்ற சொல்லையே அவள் உச்சரிப்பதில்லை. தனக்கு வலித்தபோதுகூட "இங்க" என்று கையை வைத்துக் காட்டுவாள்.

இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர். தம்பிக்கு இதுவரை ஒரு நோயும் வந்ததில்லை. ஆனால் தொண்டையைக் கனைக்க வேண்டுமென்றால் தெருக்கோடி வரை நடந்து போகிறான். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்கிறான்.

எங்கள் ஜெபவீட்டில் திருவிருந்து கொடுக்கப் பெரிய கோவிலிலிருந்து போதகர் வருவார். அப்பமும் ஒரே கிண்ணத்தில் திராட்சரசமும். எல்லாரும் அந்த ஒரே கிண்ணத்தில் வாய் வைப்போம். முதலில் ஆண்கள், பிறகு பெண்கள். சில வருஷங்களுக்கு முன் சபையில் சிலர் போதகரிடம் பேசியிருக்கிறார்கள். அவர் தம்பியைத் தனியே அழைத்துத் தன்மையாகத்தான் சொன்னாராம், எல்லாருக்கும் கடைசியில் வரும்படி. அதிலிருந்து பெண்களும் முடித்த பிறகு அவன் ஒருவன் எழுந்து போவான். அவன் குடித்ததும் போதகர் கிண்ணத்தைத் துணியால் மூடிவிடுவார்.

போன முறை நான் என் வரிசையில் எழுந்திருக்கவில்லை. பெண்கள் எல்லாரும் போய் வரட்டும் என்று பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து போய், முன்னால் நின்ற தம்பிக்குப் பின்னால் நின்றேன். முழு சபையும் பார்ப்பது முதுகில் தெரிந்தது. ஆனாலும் அவனுக்கு அப்புறம் ஒருவர் அதே கிண்ணத்தில் வாய் வைப்பதை அவர்கள் பார்க்கட்டும் என்று நின்றேன்.

தம்பி திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். பயம்தான் வந்தது. வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒரு அடி ஒதுங்கினான்.

"வேணாங்க்கா" என்றான். "நீ முன்னாடி போ. உனக்கு ஏதாவது ஒட்டிக்கப் போவுது."